பெல் அண்ட் செபாஸ்டியன்: மூன்றாவது ஆல்பத்தோடு முடிந்த கதையா?

மழைக்குடை

ரொம்ப நாளாக மனதில் நடக்கிற சண்டையை இங்கே கொண்டுவந்து போடுகிறேன். யாரும் அடிக்க வரவேண்டாம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பெல் அண்ட் செபாஸ்டியன் இசைக்குழுவைக் கல்லூரி நாளிலிருந்து கேட்கிறேன். என் கணக்கில் அந்தக் குழு 1996 ஜூனில் பிறந்து 1998 செப்டம்பரில் முடிந்துவிட்டது. ‘டைகர்மில்க்’, ‘இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்’, ‘த பாய் வித் தி அரப் ஸ்ட்ராப்’, இடையில் 1997இல் வந்த மூன்று இ.பி.க்கள், அதாவது நாலைந்து பாட்டு மட்டும் கொண்ட சின்னத் தட்டுகள். அவ்வளவுதான். அப்புறம் வந்ததெல்லாம் அதே பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்ட வேறு கடை.

அந்த முதல் பாட்டுகளில் ஒரு கூச்சம் இருக்கும். பக்கத்து அறையில் தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதே என்று பாடுவது போல ஸ்டூவர்ட் மர்டாக் பாடுவார். பேட்டி கொடுக்க மாட்டார்கள், பத்திரிகைக்குப் படம் தர மாட்டார்கள், இ.பி.யில் வந்த பாட்டை ஆல்பத்தில் சேர்த்து இரண்டாம் முறை விற்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் 2003இல் ட்ரெவர் ஹார்னிடம் போய் நின்றார்கள். எண்பதுகளில் ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் பிரம்மாண்டமான பாட்டுகளைத் தயாரித்த அதே ஹார்ன். ஊர்க்கோயில் மணியைக் கழற்றிக் கொண்டுபோய் மாநாட்டு ஒலிபெருக்கியில் கட்டிய கதை.

சரி, இனி உங்கள் முறை.

தபேலா தவறு

ஆரம்பித்தாயிற்று. நான் டீ போட்டுக்கொண்டு வருகிறேன்.

பழைய நாடா

தம்பி மழைக்குடை, பட்டியல் சரி, காரணம் தப்பு. அந்தக் கூச்சத்தை நீங்கள் ஒரு கொள்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் பாதி உடம்பு.

மர்டாக் எண்பதுகளின் கடைசியில், பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே எம்.இ. என்கிற நீடித்த களைப்பு நோயில் விழுந்தார். ஏறக்குறைய ஏழு வருடம். இருபதுகளில் மற்றவர்கள் வேலை, கல்யாணம் என்று ஓடுகிற வயதில் இவரால் எந்த வேலையும் செய்ய முடியவில்லை. அந்த முடங்கிய காலத்தில்தான் பாட்டு எழுதத் தொடங்கினார். அவருடைய பாட்டுகளில் வருகிறவர்களைப் பாருங்கள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள், பள்ளிக்கூடத்தில் தனியாக நிற்பவர்கள், நூலகத்தில் நேரத்தைக் கழிப்பவர்கள். ஊர் ஓடுவதை ஓரமாக உட்கார்ந்து பார்த்த ஒருவர் எழுதியவை அவை.

கொஞ்சம் தேறியதும் பீட்பாக்ஸ் என்ற பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். வேலையில்லாத இசைக்காரர்களுக்காக அரசுப் பணத்தில் நடந்தது. அங்கேதான் ஸ்டூவர்ட் டேவிட் பழக்கமானார், பின்னாளில் பேஸ் கிட்டார் வாசித்தவர். இருவரும் செய்த மாதிரிப் பதிவுகள் ஸ்டோ கல்லூரிக்குப் போயின. அங்கே இசைத்தொழில் படிப்பு ஒன்று இருந்தது. நடத்தியவர் ஆலன் ராங்கின், எண்பதுகளில் தி அசோசியேட்ஸ் குழுவில் இருந்தவர். மாணவர்கள் வருடத்துக்கு ஒரு சிங்கிள், அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டு, வெளியிட்டுத் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்காகவே எலெக்ட்ரிக் ஹனி என்ற லேபிள். இவர்கள் கையில் பாட்டு நிறைய இருந்ததால் அந்த வருடம் சிங்கிளுக்குப் பதிலாக முழு ஆல்பமே போட்டார்கள். அந்த வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் கோல்பர்ன்தான் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தார். காவா ஸ்டுடியோவில் ஒரு வாரத்துக்குள் பதிவு முடிந்தது. 1,000 பிரதி, வினைல் மட்டும். அதுதான் ‘டைகர்மில்க்’.

ஆக, உங்கள் புனித நூல் ஒரு வகுப்புப் பாடத்துக்கான செய்முறை வேலை. சொல்லிவிட்டேன்.

நாலாம் வரி

அண்ணா, ஒரு சந்தேகம். பெல் யார்? அந்தக் குழுவில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லையே.

தபேலா தவறு

நாய்.

பழைய நாடா

உண்மைதான், கேலி இல்லை. செசில் ஓப்ரி என்ற பிரெஞ்சுக்காரர் 1960களில் எடுத்த தொலைக்காட்சித் தொடர். செபாஸ்டியன் சிறுவன், பெல் அவனுடைய பெரிய வெள்ளை நாய்.

மழைக்குடை

பழைய நாடா அண்ணா, செய்முறை வேலை என்பதால் மட்டும் ஒன்று சின்னதாகிவிடுமா? எனக்கு அது இன்னும் பிடிக்கத்தான் செய்கிறது. ஆயிரம் பேருக்கு மட்டும் என்று ஒரு ரகசியம்! 1999இல் ஜீப்ஸ்டர் லேபிள் மறுபடி வெளியிடும்வரை பழைய பிரதி நூற்றுக்கணக்கான பவுண்டுக்குக் கைமாறியதே.

கிளைடு கரை

ரகசியம் என்கிறீர்கள். நான் முதுகலை படிக்க கிளாஸ்கோ போனபோது அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். போனால், ஹிண்ட்லாந்து என்பது ஒரு சாதாரண குடியிருப்புப் பகுதி. சிவப்பு மணற்கல்லில் நாலு மாடி வீடுகள், மழையில் கறுத்த படிக்கட்டுகள், தெருமுனையில் தேவாலயம். அந்த ஹிண்ட்லாந்து தேவாலயத்தின் கூடத்துக்கு மேலே இருந்த வீட்டில்தான் மர்டாக் பல வருடம் காவலாளாகத் தங்கியிருந்தார். கூடத்தைத் திறக்க வேண்டும், பூட்ட வேண்டும், நாற்காலி அடுக்க வேண்டும். பதிலுக்குத் தங்க இடம். பாடகர் குழுவிலும் பாடினார். 2003 வரை அங்கேதான். பிரிட்டனின் பெரிய இசை விருதான பிரிட் விருதை வாங்கிய பிறகும் நாற்காலி அடுக்கிய ஆள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பாக வரும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

‘லேஸி லைன் பெயின்டர் ஜேன்’ பாட்டு ஒரு தேவாலயக் கூடத்தில் பதிவானது. மோனிகா குவீன் பாட வருகிற இடத்தில் கூரை தெரியும், கேட்டுப் பாருங்கள். கடைசியில் எல்லா வாத்தியமும் சேர்ந்து ஓடும்போது அது கூச்சமான குழுவா? மழைக்குடை தன் பட்டியலில் வைத்திருக்கும் 1997ஆம் வருடத்துப் பாட்டுதான் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் எரிச்சலோடு. பீட்பாக்ஸ், ஸ்டோ கல்லூரி, வேலையில்லாதோர் உதவித்தொகை, தேவாலய வீடு. இந்த நாலில் எது இல்லாவிட்டாலும் இந்தக் குழு இல்லை. எலெக்ட்ரிக் ஹனி அதோடு நிற்கவும் இல்லை. ஸ்னோ பேட்ரோலும் பிஃபி கிளைரோவும் ஆரம்பத்தில் அதே மாணவர் லேபிளில்தான் வெளியிட்டார்கள். மூவரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய நிறுவனம் ஒன்று வெட்கப்பட வேண்டும். 2013இல் ஸ்டோ கல்லூரியை வேறு இரண்டு கல்லூரிகளோடு இணைத்து கிளாஸ்கோ கெல்வின் கல்லூரி ஆக்கிவிட்டார்கள். ராங்கின் 2023 ஜனவரியில் இறந்துபோனார். ஒரு வாத்தியார் பேருக்கு ஒரு இழை தொடங்க நம் ஆட்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பழைய நாடா

நீங்களே தொடங்குங்கள், நான் வருகிறேன். அசோசியேட்ஸ் இசைத்தட்டு என்னிடம் இரண்டு இருக்கிறது.

மழைக்குடை

கிளைடு கரை சொன்ன ‘லேஸி லைன்’ விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சத்தம் வேறு, பளபளப்பு வேறு. அந்தப் பாட்டில் ஆர்கன் கிட்டத்தட்ட உடைந்துபோகிற சத்தம். ஹார்ன் கையில் அந்த ஆர்கன் கிடைத்திருந்தால் துடைத்துப் பாலிஷ் போட்டிருப்பார்.

நாலாம் வரி

நான் பின்னால் வந்தவன், 2015 ஆல்பத்தில் நுழைந்தேன். ‘த பார்ட்டி லைன்’ கேட்டு ஆடிக்கொண்டே பழையதற்குப் போனேன். அதனால் என் காது வேறு. ஆனாலும் மூன்று விஷயம் கேட்கிறேன்.

2015இல் திடீரென்று டிஸ்கோ போட்டார்கள் என்று எல்லாரும் அலுத்துக்கொள்கிறீர்கள். ‘டைகர்மில்க்’ ஆல்பத்தில் ‘எலெக்ட்ரானிக் ரினைசான்ஸ்’ என்று ஒரு பாட்டு இருக்கிறதே, அது என்ன? முழுக்க சிந்தசைசர், குரலைக்கூட வடிகட்டிக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் வைத்திருக்கிறார்கள். முதல் இசைத்தட்டிலேயே ஆட ஆசைப்பட்டவர்கள்தான்.

ஹார்ன் தயாரித்த ‘டியர் கேடஸ்ட்ரஃபி வெய்ட்ரஸ்’ ஆல்பத்தில் ‘பியாட்சா, நியூயார்க் கேட்சர்’ பாட்டை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? ஒரு குரல், ஒரு கிட்டார். ‘ஜூனோ’ படத்தில் வந்ததே, அதுதான். பிரம்மாண்டத் தயாரிப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இடம். அதே ஆல்பத்தில் ‘ஐ ஆம் எ குக்கூ’ பாட்டில் தின் லிசி குழுவின் இரட்டைக் கிட்டார் வாசனை. எனக்கு அதில் பளபளப்பு தெரியவில்லை. கூட்டாளிகளோடு சிரித்துக்கொண்டு வாசிக்கிறார்கள் என்றுதான் படுகிறது.

மூன்றாவது, இதுதான் முக்கியம். நீங்கள் தொடக்கூடாது என்கிற ‘சினிஸ்டர்’ ஆல்பத்தின் ஒலி மர்டாக்குக்கே திருப்தியாக இல்லை. பாட்டு நன்றாக இருக்கிறது, பதிவு சரியில்லை என்று நினைத்தவர். 2005இல் லண்டன் பார்பிக்கன் அரங்கில் அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை மேடையில் வாசித்து, அந்த நேரடிப் பதிவை வெளியிட்டார்கள். எழுதியவரே மறுபடி செய்து பார்த்திருக்கிறார். நீங்கள் ஏன் அந்தக் கரகரப்பைக் கும்பிடுகிறீர்கள்?

தபேலா தவறு

டீ ஆறிப்போயிற்று. பரவாயில்லை, இது நன்றாக இருக்கிறது.

மழைக்குடை

பார்பிக்கன் பதிவு என்னிடம் இருக்கிறது. ஒருமுறை கேட்டு அலமாரியில் வைத்தேன். நன்றாகத்தான் வாசிக்கிறார்கள், அதுதான் பிரச்சினை. 1996இல் தாளத்தைப் பிடிக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்தது காதில் விழும். 2005இல் யாரும் யாரையும் பார்க்கத் தேவையில்லை.

பழைய நாடா

அழகாகச் சொன்னீர்கள், ஆனால் அந்த நாளில் அவர்களை மேடையில் பார்த்தவர்கள் எல்லாரும் அதை ரசித்ததாகச் சொல்ல முடியாது. எட்டுப் பேர் வரை மேடையில். கிட்டார், செல்லோ, வயலின், டிரம்பெட், ஆர்கன். ஒலி சரிபார்க்கவே பாதி மாலை போகும். மர்டாக்கின் குரல் கூட்டத்துக்கு எட்டாது. வழக்கமான ராக் கூடங்கள் வேண்டாம் என்று தேவாலயம், நூலகம் என்று இடம் தேடினார்கள். யோசனை அழகு, ஒலி திண்டாட்டம். நீங்கள் ரகசியம் என்று சொல்வதில் கால்வாசி, பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்பதுதான்.

1999 பிரிட் விருதையும் இந்த இடத்தில் நினைத்துப்பாருங்கள். சிறந்த புதுமுகம், மக்கள் வாக்கில் முடிவாகிற விருது. ஸ்டெப்ஸ் என்ற பாப் குழுவுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். யாரென்றே தெரியாத இவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். ஸ்டெப்ஸுக்குப் பின்னால் இருந்த பீட் வாட்டர்மேன், வாக்கெடுப்பில் ஏதோ தில்லுமுல்லு என்று கொதித்தார். இணையத்தில் ஒரு கூட்டம் ஒன்றுகூடி வாக்குப்போட்டால் என்ன நடக்கும் என்று இசைத்தொழிலுக்குத் தெரிந்த முதல் தடவைகளில் அது ஒன்று. அந்த ரசிகர் கூட்டத்தை உருவாக்கியது அவர்களுடைய மௌனம்தான். பேட்டி இல்லாததால் ரசிகர்களே மின்னஞ்சல் குழு வைத்துப் பேசிக்கொண்டார்கள். அந்த மட்டில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அதே வருடம் ஏப்ரலில் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் ஒரு விடுமுறை முகாமை எடுத்து ‘போலி (Bowlie) வீக்கெண்டர்’ என்ற இசைவிழா நடத்தினார்கள். சேறும் கூடாரமும் இல்லை, படுக்கை உள்ள அறை, நடந்துபோகிற தூரத்தில் மேடை. பிறகு ‘ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ்’ என்று வருடாவருடம் நடந்த விழாவுக்கு விதை அதுதான்.

கிளைடு கரை

அதன் பேரப்பிள்ளையை மறந்துவிட்டீர்களே. 2019இல் ‘போட்டி (Boaty) வீக்கெண்டர்’. பார்சலோனாவிலிருந்து சார்டினியாவுக்குக் கப்பல், கப்பல் முழுக்க இண்டி குழுக்கள், பெரிய நிறுவனங்களைச் சாராதவை. நூலகத்தில் வாசித்தவர்கள் நீச்சல்குளத்தருகே வாசித்தார்கள். மழைக்குடை இதைப் படித்து மயங்கி விழாமல் இருக்க வேண்டும்.

மழைக்குடை

விழுந்துவிட்டேன்.

நெறியாளர்

‘அரப் ஸ்ட்ராப்’ என்றால் என்ன என்று கேட்டு இரண்டு பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். ஃபால்கர்க் ஊரைச் சேர்ந்த இன்னொரு குழுவின் பெயர். ஆல்பத்தின் தலைப்பு அவர்களைக் குறிக்கிறது. அவர்களுக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை. அந்தக் குழு அந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தது என்பதை நீங்களே தேடிக்கொள்ளலாம், வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து.

மழைக்குடை

சரி. என் கட்சியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஹார்னை விடுகிறேன். ஆனால் ஒரு இழப்பைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. இசபெல் கேம்பெல், செல்லோ வாசித்துப் பாடவும் செய்தவர்.

2000இல் ஸ்டூவர்ட் டேவிட் தன் லூப்பர் குழுவோடு போய்விட்டார். 2002இல் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே கேம்பெல் விலகினார். என்னைப் பொறுத்தவரை குழுவின் ஒலி மாறியதற்குத் தயாரிப்பாளரைவிட இதுதான் காரணம். அந்த செல்லோ பாட்டுக்கு அடியில் ஒரு ஈரத்தை வைத்திருந்தது. அவர் குரல் பாடுவதா மூச்சு விடுவதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவர் போன பிறகு மர்டாக்கின் பாட்டுகளுக்குள் பதில் பேச ஆள் இல்லை.

பழைய நாடா

இது நல்ல வாதம். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஆனால் அவர் போனதால் நமக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பாடகர் மார்க் லானெகனோடு சேர்ந்து மூன்று ஆல்பம். 2006இல் வந்த முதலாவது, வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்கு பிரிட்டனில் தரும் மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. சரளைக்கல் குரலும் மூச்சுக்குரலும். பெல் அண்ட் செபாஸ்டியனில் இருந்திருந்தால் அவருக்கு ஆல்பத்துக்கு ஒன்றிரண்டு பாட்டுதான் கிடைத்திருக்கும்.

குழுவுக்குள்ளும் இடம் காலியானதும் மற்றவர்கள் முன்னால் வந்தார்கள். சாரா மார்ட்டின் வயலினோடு நிற்காமல் நிறையப் பாடினார். கிட்டார் வாசிக்கிற ஸ்டீவி ஜாக்சனுக்கு அறுபதுகளின் பாட்டில் பிடிப்பு. அது முன்னைவிட நன்றாக வெளியே வந்தது. ‘த லைஃப் பர்சூட்’ 2006இல் வந்து பிரிட்டனில் எட்டாம் இடம். தயாரிப்பாளர் டோனி ஹாஃபரோடு லாஸ் ஏஞ்சலஸில் பதிவு செய்தது. அந்தக் கோடையில் ஹாலிவுட் பவுல் அரங்கில் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கோடு வாசித்தார்கள். ஏறக்குறைய 18,000 பேர், எல்லா இருக்கையும் விற்றுப்போயிற்று. பத்து வருடத்துக்கு முன்னால் ஆயிரம் தட்டு அச்சடித்தவர்கள்.

அதற்கு முந்தைய வருடமே ‘தி லிஸ்ட்’ பத்திரிகை வாசகர் வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தின் மிகச்சிறந்த குழு இவர்கள்தான் என்று வந்தது. சிம்பிள் மைண்ட்ஸ், ட்ராவிஸ் எல்லாம் பின்னால். 2004 மெர்க்குரி பட்டியலிலும் இருந்தார்கள், ஆனால் பரிசை அதே ஊர் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் கொண்டுபோனது. ஒரே ஊர், ஒரே மழை, இரண்டு விதமான நடை.

நாலாம் வரி

தனியாகச் சேர்க்கிறேன்: 2000இல் வந்த ‘ஃபோல்ட் யுவர் ஹேண்ட்ஸ்’ ஆல்பத்தில் எல்லாரும் எழுதிய பாட்டு வேண்டும் என்று பங்கு பிரித்தார்கள். மர்டாக் தனியாக எழுதியிருந்தால் இன்னும் கட்டுக்கோப்பாக இருந்திருக்கும். ‘ஸ்டோரிடெல்லிங்’ படத்துக்குச் செய்த இசையில் சில நிமிடங்களைத்தான் படத்தில் வைத்தார்கள். ஆக, 2000 முதல் 2002 வரை தடுமாற்றம்தான். மழைக்குடை சொல்கிற முடிவு அந்த இடத்தில் கிட்டத்தட்ட நடந்திருக்க வேண்டியது, நடக்காமல் தப்பித்தார்கள். ரஃப் ட்ரேடு லேபிளுக்கு மாறியதும் ஹார்னும் அவர்களைக் காப்பாற்றின என்பது என் கட்சி.

தபேலா தவறு

எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். 2017இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில், வடக்கு டகோட்டாவில் ஒரு வால்மார்ட்டில் பேருந்து நின்றபோது, டிரம்மர் கோல்பர்ன் பைஜாமாவோடு இறங்கிப் போயிருக்கிறார். கையில் போன் இல்லை. பேருந்து கிளம்பிவிட்டது. பல மணி நேரம் கழித்துத்தான் ஆளைக் காணோம் என்று தெரிந்திருக்கிறது. ட்விட்டரில் உதவி கேட்டார்கள். இருபது வருடம் கூடவே வாசித்த மனிதர்.

டிரம்மர் இல்லாததைக் கவனிக்காத குழு என்றால் மழைக்குடை இன்னும் விரும்ப வேண்டும். அவ்வளவு மென்மையான இசை.

கிளைடு கரை

சிரித்து முடித்துவிட்டேன், இப்போது என் கடைசிப் பங்கு.

2022 ஆல்பம் ‘எ பிட் ஆஃப் ப்ரீவியஸ்’. கலிஃபோர்னியா போய்ப் பதிவு செய்ய ஏற்பாடு. பெருந்தொற்று வந்து அது நின்றது. வேறு வழியில்லாமல் கிளாஸ்கோவில் தாங்கள் ஒத்திகை பார்க்கும் இடத்தையே ஸ்டுடியோ ஆக்கினார்கள். 2000க்குப் பிறகு சொந்த ஊரில் முழு ஆல்பம் செய்தது அப்போதுதான். 2023 ஜனவரியில் அதன் தொடர்ச்சியாக இன்னொன்று, ‘லேட் டெவலப்பர்ஸ்’. அதே வருடம் மர்டாக்கின் உடல்நிலை காரணமாக நிகழ்ச்சிகளை ரத்து செய்தார்கள். அந்த நோய் முழுதாக விட்டுப்போகவில்லை. 2024இல் அவர் எழுதிய நாவலும் அதே நோயில் கிடக்கிற ஒரு கிளாஸ்கோ இளைஞனைப் பற்றியதுதான். தலைப்பு ‘நோபடிஸ் எம்பயர்’, 2015 ஆல்பத்தின் முதல் பாட்டின் அதே பெயர்.

மழைக்குடை, அந்தப் பாட்டை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அது வந்த ஆல்பத்தை டிஸ்கோ என்று ஒதுக்கியிருப்பீர்கள்.

மழைக்குடை

கேட்டதில்லை. இன்று இரவு கேட்கிறேன்.

மழைக்குடை

கேட்டேன். மூன்று தடவை.

முழு பேண்ட் வாசிக்கிறது, கூட்டுக்குரல் இருக்கிறது, டிரம்பெட் வருகிறது, எனக்குப் பிடிக்காத எல்லாமும் இருக்கிறது. ஆனால் படுக்கையில் கிடந்த நாட்களைப் பற்றி அவர் இவ்வளவு நேராக 1996இல் பாடவில்லை. அப்போது அந்தப் பள்ளிப் பெண்கள், பேருந்துப் பயணிகள் எல்லாரையும் முன்னால் நிறுத்திவிட்டு அவர் பின்னால் ஒளிந்திருந்தார் என்று இப்போதுதான் தோன்றுகிறது. பழைய நாடா அண்ணா முதலிலேயே சொன்னார், உடம்பு என்று.

பட்டியலைத் திருத்துகிறேன். 1996 முதல் 1998 வரை, அப்புறம் 2003, 2006. 2015இல் அந்த ஒரு பாட்டு, மற்றதை இனிமேல்தான் கேட்க வேண்டும். 2000 ஆல்பம் மட்டும் உள்ளே வராது. யார் சொன்னாலும் வராது.

நாலாம் வரி

அதன் முதல் பாட்டு, ‘ஐ ஃபாட் இன் எ வார்’. வாத்தியமே இல்லாமல் வெறும் குரலில் தொடங்கும். பக்கத்து அறையில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

மழைக்குடை

சரி. அது ஒன்று மட்டும்.